துறைத்தலைவர் கதிரையில் ஏற முன்னரே பழக வேண்டியவை

பல்கலைக்கழகத்தில் எனக்குத் துறைத்தலைவர் நியமனக் கடிதம் வந்த கிழமை, பழைய தலைவர் என் கையில் தந்தவை மூன்று: ஒரு சாவிக்கொத்து, இரும்பு அலுமாரி நிறையக் கோப்புகள், கணினியின் கடவுச்சொல்லைப் பின்பக்கத்தில் எழுதிய ஒரு பஸ் டிக்கெட். "ஏதும் விளங்காட்டிப் போன் எடும்" என்று சொல்லிவிட்டு அவர் வெளிநாடு போய்விட்டார். அலுமாரியைத் திறந்தால் மேலே கிடந்தது அந்த வருடத்துக் கொள்வனவுத் திட்டம். அப்போது செப்டெம்பர் மாதம். ஆய்வுகூட உபகரணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சதம்கூடச் செலவழிந்திருக்கவில்லை. விவரக்குறிப்பு எழுதி, விலை கோரி, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு கூடி, டிசம்பர் 31க்குள் சாமான் வந்திறங்க வேண்டும். என் ஆய்வுத் துறையைப் பற்றிக் கேட்டால் நான் இரண்டு மணித்தியாலம் நிற்காமல் பேசுவேன், கொள்வனவு என்றால் அன்றைக்கு எனக்கு அட்சரம் தெரியாது. பணம் திரும்பிப் போனது. அடுத்த வருடமும் பிள்ளைகள் ஒரு நுணுக்குக்காட்டியை நாலு பேராகச் சுற்றி நின்றுதான் பார்த்தார்கள்.

கடிதம் வந்த பிறகு பழகலாம் என்று இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி துறைத்தலைவருக்கும் பீடாதிபதிக்கும் பதவிக்காலம் மூன்று வருடம்தான். முதல் வருடம் எந்தக் கடிதம் எங்கே போகிறது என்று விளங்குவதற்கே சரி, மூன்றாம் வருடம் அடுத்தவர் யார் என்ற கதையில் போய்விடும், நடுவில் மிஞ்சுவது ஒரு வருடம். தகுதிகாண் காலத்தில் இளம் விரிவுரையாளர்கள் பயிற்சிநெறி ஒன்றை முடித்தாக வேண்டும், சரி, அதன் கனம் பெரும்பாலும் கற்பித்தலில்தான். பத்து வருடம் கழித்து அதே ஆள் இருபது பேரை வைத்து வேலை வாங்கப் போகிறார், வரவு செலவு பார்க்கப் போகிறார் என்பதை இடையில் யாரும் நினைப்பதில்லை.

வன்னியில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. அதுவரை பெரிய முடிவென்றால் யாழ்ப்பாணத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். அதன் பிறகு படிப்பு விஷயங்களைத் தீர்மானிக்கும் மூதவையும் இங்கே, நிர்வாகத்தைப் பார்க்கும் பேரவையும் இங்கே, பொறுப்பும் இங்கே. இளம் நிறுவனத்தில் மூத்தவர்கள் தொகை குறைவாகத்தான் இருக்கும், ஆகவே நாற்பது வயதிலேயே பெரிய கதிரை வந்துவிடுகிறது. வருவது நல்லதுதான், தயாராக இருந்தால்.

அடுத்த தவறு ஹோட்டல் பயிற்சிப் பட்டறை. இரண்டு நாள், நல்ல சாப்பாடு, வளவாளர் ஒருவர் உங்கள் தலைமைப் பாணி சிங்கமா மானா என்று கேள்விக்கொத்து தருவார், கடைசியில் சான்றிதழோடு குழுப் படம். திங்கட்கிழமை மேசையில் அதே கோப்பு. நான் நாலைந்துக்குப் போயிருக்கிறேன், இன்று ஞாபகம் இருப்பது வட்டிலப்பம் மட்டும். அந்தக் காசுக்கு, வரப்போகும் தலைவரை ஒரு வருடம் பழைய தலைவரோடு கொள்வனவுக் குழுவிலும் பாடத்திட்ட மீளாய்விலும் இருத்தி, கூட்டக் குறிப்பை அவரையே எழுதச் சொல்லலாம். கூட்டக் குறிப்பு எழுதிப் பழகியவருக்குத்தான் எது முடிவு, எது வெறும் கதை என்று பிரிக்கத் தெரியும்.

வேலைப்பங்கீடு. இதில்தான் துறைகள் உடைகின்றன. யாருக்கு எத்தனை மணித்தியாலம் விரிவுரை, யாருக்குச் சனி ஞாயிறு வகுப்பு, யாருக்குப் பரீட்சை மேற்பார்வை என்பதைத் தலைவர் அறையைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரோடு தீர்மானித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் அட்டவணை போடுவார். காலையில் பாதிப்பேர் முகம் பார்க்க மாட்டார்கள். கிளிநொச்சியில் சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை ஒருமுறை பின்வரிசையில் இருந்து பார்த்தேன். இரணைமடுவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பொறியியலாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறார், அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும் என்று சபையில் வாக்குவாதம் நடக்கிறது. சத்தம், சண்டை எல்லாம் உண்டு. கமக்காரர் ஒருவர் எழும்பி, "போன முறை எங்கட வாய்க்காலுக்குத்தான் வெட்டு, இந்த முறை மற்றப் பக்கம் பாருங்கோ" என்றார், அதிகாரி போன வருடக் கணக்கை எடுத்து வாசிக்க வேண்டி வந்தது. பங்கு குறைந்தவருக்கும் ஏன் குறைந்தது என்று தெரியும். நம் துறைக் கூட்டங்களில் போன வருடக் கணக்கை எடுத்து வாசித்த தலைவர் எத்தனை பேர்? நான் வாசித்ததில்லை, முதல் இரண்டு வருடமும்.

கடினமான பேச்சைத் தள்ளிப்போடுவதும் இதன் தம்பிதான். ஒருவர் விடைத்தாள் திருத்தி முடிக்காமல் பெறுபேறு மாதக்கணக்கில் இழுபடும். எல்லோருக்கும் தெரியும் யார் என்று. தலைவர் என்ன செய்வார்? "அனைவரும் உரிய காலத்தில் ஒப்படைக்கவும்" என்று பொதுக் கடிதம் அனுப்புவார். நேரத்துக்குத் தந்தவர்களுக்குக் கோபம் வரும், தராதவர் அது தனக்கில்லை என்று இருப்பார். அவர் என் பேராசிரியர், எனக்குப் படிப்பித்தவர், எப்படிக் கேட்பது என்ற சங்கடம் நம் ஊரில் உண்மையானது, அதைச் சும்மா தட்டிவிட முடியாது. நான் கண்ட வழி, அவருடைய அறைக்கு நானே போவது. "சேர், எத்தனை கட்டு மிச்சம்? எந்தத் திகதிக்குத் தரலாம்?" இந்த இரண்டு கேள்வி மட்டும். பிறகு அவர் சொன்ன திகதியை அன்றைக்கே மரியாதையாக இரண்டு வரி மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட வேண்டும். கேட்பதற்கு முன் எனக்குக் கை நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போடச் சொன்னார்.

நிர்வாகத்தினரை வெளியே விடுவது இன்னொரு தவறு. தலைமைப் பயிற்சி என்றால் விரிவுரையாளர்களுக்கு, உதவிப் பதிவாளருக்கும் முகாமைத்துவ உதவியாளருக்கும் கணினிப் பயிற்சி என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் தலைவர்கள் மாறிக்கொண்டே இருக்க, அலுவலகத்தில் பதினைந்து வருடம் இருந்த அம்மாவுக்குத்தான் எந்தச் சுற்றறிக்கை எதைத் தடுக்கிறது என்று மனப்பாடம். இரு தரப்பையும் ஒரே மேசையில் இருத்தி, ஒரு பழைய கொள்வனவுக் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டச் செய்தாலே நல்ல பயிற்சி. எங்கே இருபது நாள் சும்மா கிடந்தது என்று இருவருக்கும் ஒன்றாகத் தெரியவரும், பழி போட ஆளும் இருக்காது.

சின்னதாக ஒன்று: யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்துக்கு ஏ9 வீதியால் வந்து போகிறவர்கள் பலர். முக்கியமான விஷயத்தைப் பின்னேரம் மூன்றரைக்கு எடுத்தால் எல்லோருடைய கண்ணும் பஸ்ஸில்தான். காலையில் வையுங்கள். சிங்களம் பேசும் ஊழியர் ஒருவர் மேசையில் இருந்தால் அவருக்கு விளங்கும் மொழியில் முடிவையாவது திருப்பிச் சொல்லுங்கள், தமிழில் பேசி முடித்துவிட்டு அவரிடம் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். அந்த இடத்தில் இருந்த அனுபவம் நமக்கே நிறைய உண்டு.

நான் இறங்கும்போது பஸ் டிக்கெட் கொடுக்கவில்லை. கடைசி ஆறு மாதம் அடுத்த தலைவியை எல்லாக் கூட்டத்துக்கும் கூட்டிப் போனேன், ஒரு சி.ஆர். கொப்பியில் மாதம் மாதமாக என்ன வரும் என்று எழுதிக் கொடுத்தேன். செப்டெம்பர் பக்கத்தில் ஒரு வரிதான்: "உபகரணத்துக்கு இன்னும் விலை கோரவில்லை என்றால் பிந்திவிட்டது, பெப்ரவரிப் பக்கத்தைப் பாருங்கள்." போன கிழமை அவர் போன் எடுத்து, பெப்ரவரிப் பக்கத்தில் என் கையெழுத்து விளங்கவில்லை என்றார்.