பென்சில் ஓவியம் பழக ஒரு மண்பானை போதும்

தஞ்சாவூர்ப் பக்கம் படம் வரையத் தொடங்குகிறவர்கள் பலரும் முதல் நாளே பெரிய கோயிலில் கை வைக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் 216 அடி விமானமும் அதன் 13 நிலைகளும் கண்ணைக் குழப்பிவிடும். வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று நிதானமாகப் பார்க்க முடியாது. பென்சில் ஓவியத்துக்கு உயிரே அந்த வெயிலும் நிழலும்தான். அதைப் பழக ஒரு மண்பானை போதும். பித்தளைக் குடம் இப்போது வேண்டாம். அதன் பளபளப்பில் ஜன்னல், கதவு, நீங்கள் எல்லாமே தெரிவீர்கள். மண்ணில் நிழல் மெதுவாக மாறும், கண்ணுக்குப் பிடிபடும்.

எச்பி, 2பி, 6பி பென்சில்கள், ரப்பர், டிராயிங் நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. களிமண் கூடினால் முனை கடினம், கோடு வெளிறும். அது எச் வகை. கிராஃபைட் கூடினால் மென்மை, நல்ல கருப்பு, அது பி. எச்பி இரண்டுக்கும் நடுவில், பியின் எண் கூடக் கூடக் கருப்பும் கூடும். ஷார்ப்னரைவிடப் பிளேடால் சீவுவது மேல். முனை அரை அங்குலம் வெளியே நீண்டால்தான் சாய்த்துப் பிடித்துத் தீட்ட வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் வையுங்கள். நமுத்த தாளில் பென்சில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், ரப்பர் போட்டால் நார் கிளம்பும்.

முதலில் ஐந்து கட்டம் போடுங்கள். ஒன்றை வெள்ளையாக விட்டு, கடைசியை 6பியால் நன்றாகக் கருப்பாக்கி, நடுவில் உள்ளவற்றைப் படிப்படியாக நிரப்புங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். மெல்லிய கோடுகளை நெருக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் கருமை தானாகக் கூடும். விரலால் தேய்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறிவிட்டால் அந்த அழுக்கு லேசில் போகாது.

இனி பானை. காலை வெயில் ஒரு பக்கமாக விழும் திண்ணையில், பானை உருளாமல் தாங்கும் வைக்கோல் பிரிமணைமேல் வையுங்கள். உச்சி வெயிலில் பக்கவாட்டு நிழல் கிடைக்காது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் பானையின் அகலத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு உயரத்தோடு ஒப்பிடுங்கள். அதே விகிதத்தில் எச்பியால் லேசாக ஒரு செங்குத்துக் கோடு, அதன் இரு பக்கமும் சமமாக உருவம்.

பானையின் வாயை வரைவதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். நம் கண் மட்டத்தில் இருந்தால் பானையின் வாய் வெறும் கோடாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே போகப் போக வட்டம் திறந்துகொள்ளும். அதனால் வாய் வளையத்தைவிடக் கீழேயுள்ள கழுத்து வளையம் சற்று அகலமாகத் திறந்திருக்க வேண்டும். வளையத்தின் இரு ஓரங்களும் கூராக முடியக்கூடாது, வளைந்தே திரும்ப வேண்டும்.

அப்புறம் நிழல். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். பானையின் இருட்டான இடம் விளிம்பில் இருக்காது, சற்று உள்ளே தள்ளி இருக்கும். தரையில் பட்ட வெயில் திரும்பி வந்து அந்த விளிம்பை லேசாக வெளுப்பாக்கும். அந்த மெல்லிய வெளுப்பை விட்டுவைத்தால்தான் பானை உருண்டு நிற்கும். தரையில் விழும் நிழல் பிரிமணையை ஒட்டி அடர்ந்து, தள்ளிப் போகப் போக மங்கும்.

பானை கைக்கு வந்துவிட்டால் வாய்க்கால் கரைக்குப் போகலாம். எட்டத்துத் தென்னந்தோப்பு எச்பியில் ஒரு சாம்பல் திட்டு, பக்கத்து மரத்துக்கு மட்டும் 6பி. நாற்று ஒவ்வொன்றையும் வரையாதீர்கள். வரப்போரத்து நெல் தாள்கள் சிலவற்றைக் கூராக வரைந்து, மற்றதைப் படுக்கைக் கோடுகளாகத் தீட்டினால் போதும். தண்ணீரில் தெரியும் மரத்தை, கரையில் நிற்கும் மரத்துக்கு நேர் கீழே 2பியால் போட்டு, வானம் தெரியும் இடத்தில் பென்சிலே படாமல் விடுங்கள்.