மெடிகெய்ட் நோயாளிகளுக்கான வாகன சேவை: முதல் வேனை வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டியவை

அமெரிக்காவில் வருமானம் குறைந்தோருக்கான மெடிகெய்ட் திட்டம், சிகிச்சைச் செலவை ஏற்பதோடு நின்றுவிடாமல், சொந்த வண்டியோ கொண்டுபோய் விட ஆளோ இல்லாத நோயாளி மருத்துவமனைக்குப் போய்வரும் செலவையும் ஏற்கிறது. ஆம்புலன்ஸ் தேவைப்படாத இந்தப் பயணங்களைத் தொழில் வட்டாரத்தில் என்.இ.எம்.டி. என்று அழைக்கிறார்கள். நெடுங்காலம் கூட்டாட்சி விதிமுறையாக மட்டுமே இருந்த இந்தக் கடமை, 2020 டிசம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வழியாகச் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. ஓட்டுநருக்கும் நிறுவனத்துக்கும் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தகுதிகளையும் அதே சட்டம் சொல்கிறது.

நான் டெக்சஸில் இத்தொழிலைத் தொடங்கியவன் என்பதால், இந்த விளக்கம் டெக்சஸை ஒட்டியே போகும். மெடிகெய்டை ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் நடத்துவதால், வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் படிகளின் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு விவரங்களைத் தங்கள் மாநிலத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எல்.எல்.சி. எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனத்தைப் பதிவு செய்வதைப் பற்றி நான் விரிவாக எழுதப்போவதில்லை. மாநிலச் செயலர் அலுவலகத்தில் படிவம் 205, கட்டணம் 300 டாலர், கூட்டாட்சி வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் இ.ஐ.என். என்ற நிறுவன வரி எண்ணுக்குக் கட்டணமே இல்லை. அத்துடன் அது முடிந்துவிடும். இந்த எண்ணை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் இணையதளங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

நம்மவர்களில் பலருக்குப் பொருந்தும் என்பதால் ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்-1பி விசா உங்களுக்காக மனுச் செய்த நிறுவனத்தில் வேலை பார்க்க மட்டுமே அனுமதி தருகிறது. சொந்த நிறுவனத்துக்காக வார இறுதியில் வேன் ஓட்டுவதும், தொலைபேசியில் பயணங்களை ஒதுக்கிக் கொடுப்பதும் வேலையாகவே கருதப்படக்கூடும். ஆகவே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசாமல் ஒரு டாலரைக்கூட இதில் போடாதீர்கள்.

படி 1: பணம் யாரிடமிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் வேனை வாங்கிவிட்டு, அதன் பிறகு பயணங்களைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

டெக்சஸில் 2021 ஜூன் முதல், மெடிகெய்ட் உறுப்பினர்களின் போக்குவரத்து அவரவர் சேர்ந்திருக்கும் மருத்துவத் திட்ட நிறுவனத்தின் பொறுப்பாகிவிட்டது. அந்த நிறுவனங்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் தரகு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றன. மோடிவ்கேர், எம்.டி.எம். ஆகியவை நாடளவில் பெரிய தரகு நிறுவனங்கள். நோயாளி தரகு நிறுவனத்தை அழைத்துப் பயணத்தைப் பதிவு செய்கிறார். தரகு நிறுவனம் அதை உங்களைப் போன்ற வண்டிக்காரருக்கு ஒதுக்குகிறது. பணமும் அதே வழியில்தான் வந்து சேருகிறது. எனவே மாநில அரசில் பதிவு செய்துவிட்டாலே பயணங்கள் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பதிவும் வேண்டும், தரகு நிறுவனத்தின் ஒப்பந்தமும் வேண்டும்.

தரகு நிறுவனத்தின் சேவையாளர் பிரிவை அழைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் கவுண்டியில் புதியவர்களைச் சேர்க்கிறீர்களா? எந்த வகைப் பயணங்களுக்கு வண்டி போதவில்லை? உங்கள் காப்பீட்டு, வண்டி, ஓட்டுநர் நிபந்தனைகளை எழுத்தில் அனுப்ப முடியுமா? மூன்றாவது கேள்விக்கான பதில் கைக்கு வரும்வரை வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

நடக்கக்கூடிய நோயாளிகளை மட்டும் ஏற்றிச் செல்வதற்காக இத்தொழிலுக்கு வராதீர்கள் என்பதே என் திடமான கருத்து. ஊபர் தன் மருத்துவப் பிரிவை 2018-இல் தொடங்கியது. அதன் போட்டி நிறுவனமான லிஃப்ட்டும் (Lyft) இத்துறையில் இருக்கிறது. சாதாரணக் காரில் போகக்கூடியவரை அவர்களிடம் ஒப்படைப்பது தரகு நிறுவனங்களுக்கு எளிது. சக்கர நாற்காலியோடு ஏற்றி, நான்கு பட்டைகளால் கட்டி, மறுமுனையில் இறக்கி உள்ளே சேர்க்கும் வேலையை அந்தச் செயலிகளில் ஓடும் சாதாரணக் கார்கள் செய்ய முடியாது. சிறு நிறுவனம் பிழைக்கும் இடம் அதுதான்.

மோடிவ்கேர் 2025 ஆகஸ்டில் திவால் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ் மறுசீரமைப்புக்கு விண்ணப்பித்தது. ஒரே தரகு நிறுவனத்தின் பயணங்களை நம்பி இரண்டு வேனுக்குக் கடன் வாங்க நினைப்பவர்கள் இதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படி 2: எல்லாத் தாள்களிலும் ஒரே பெயர்

என்.பி.ஐ. எனப்படும் பத்து இலக்கச் சேவையாளர் எண்ணை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். விண்ணப்பிக்கும்போது தனிநபருக்கான முதல் வகையைத் தவிர்த்து, நிறுவனத்துக்கான இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுங்கள். தொழில் குறியீடாக 343900000 என்ற எண்ணோடு எக்ஸ் எழுத்தில் முடியும் வேன் சேவைக் குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டெக்சஸ் மெடிகெய்டின் பதிவுத் தளத்துக்குப் போகலாம்.

இ.ஐ.என். எண்ணை உறுதிசெய்து ஐ.ஆர்.எஸ். அனுப்பிய சி.பி. 575 கடிதம், டபிள்யூ-9 வரிப் படிவம், என்.பி.ஐ. பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீட்டுச் சான்று ஆகிய அனைத்திலும் நிறுவனத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் காற்புள்ளிக்குப் பின் எல்.எல்.சி. என்றும் இன்னொன்றில் காற்புள்ளி இல்லாமலும் இருந்தால், சரிபார்ப்பவர் கோப்பைத் திருப்பிவிட வாய்ப்புண்டு. சி.பி. 575 கடிதம் ஒருமுறைதான் வரும், தொலைந்துவிட்டால் ஐ.ஆர்.எஸ்.-ஐ அழைத்து அதற்கு ஈடான 147சி கடிதத்தைக் கேட்டு வாங்கலாம்.

படி 3: காப்பீடு

என் கோப்பு நகராமல் நின்றது இந்தப் படியில்தான். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவதாக, சொந்தக் காருக்கான காப்பீடு இதற்குச் செல்லாது. வணிக வாகனக் காப்பீடு என்று பொதுவாகக் கேட்டாலும் போதாது. கட்டணம் பெற்றுப் பயணிகளை, அதிலும் சக்கர நாற்காலிப் பயணிகளை, ஏற்றிச் செல்வதற்கான காப்பீடு என்று முகவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூ டெலிவரி செய்யும் வேனுக்கான விலையை மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுக்கும் முகவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்த மறுநாள் அந்தத் தாளுக்கு மதிப்பிருக்காது. என்.இ.எம்.டி. நிறுவனங்களுக்கு ஏற்கெனவே காப்பீடு செய்துகொடுத்த முகவரை மட்டுமே நாடுங்கள்.

இரண்டாவதாக, தொகை. ஒரு விபத்துக்கு 10 லட்சம் டாலர் வாகனப் பொறுப்புக் காப்பீடு, அதனுடன் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்பது நீங்கள் அடிக்கடி சந்திக்கும் நிபந்தனை. சில ஒப்பந்தங்கள் பயணிமீதான பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுக்கான தனிப் பாதுகாப்பையும் கேட்கின்றன. பல பொதுப் பொறுப்புக் காப்பீடுகள் இதை விலக்கி வைத்திருக்கும் என்பதால், இருக்கிறது என்ற வாய்வார்த்தையை நம்பாமல் ஆவணத்தில் பாருங்கள்.

மூன்றாவதாக வருவது, ஒற்றைச் சொல்லில் ஒளிந்திருக்கும் சிக்கல். தரகு நிறுவனம் தன்னை அடிஷனல் இன்ஷூர்டாக, அதாவது உங்கள் காப்பீட்டின் பாதுகாப்பைப் பெறும் கூடுதல் தரப்பாக, சேர்க்கச் சொல்லும். முகவரோ அகார்ட் 25 என்ற சான்றிதழின் கீழ்மூலையில் சர்டிஃபிகேட் ஹோல்டர் என்ற கட்டத்தில் தரகு நிறுவனத்தின் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவார். இரண்டும் ஒன்றல்ல. அந்தக் கட்டத்தில் பெயர் இருப்பவருக்குச் சான்றிதழின் நகல் போகும், அவ்வளவுதான். இது தகவலுக்கானது மட்டுமே, எந்த உரிமையையும் தராது என்று அந்தத் தாளின் மேற்பகுதியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அடிஷனல் இன்ஷூர்டாகச் சேர்ப்பதென்றால், காப்பீட்டு நிறுவனம் மூல ஒப்பந்தத்தோடு எண்டார்ஸ்மென்ட் என்ற இணைப்புத் தாளை வெளியிட வேண்டும். என் முகவர் அதை இணைக்காமல் சான்றிதழை மட்டும் திரும்பத் திரும்பத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்; நிபந்தனை நிறைவேறவில்லை என்ற அதே ஒற்றை வரிப் பதிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. வாகனக் காப்பீட்டுக்கு ஒன்று, பொதுப் பொறுப்புக்கு ஒன்று என இரண்டு எண்டார்ஸ்மென்ட் தாள்களையும் கேட்டு வாங்கிச் சான்றிதழோடு சேர்த்து அனுப்பிய பிறகே கோப்பு நகர்ந்தது. தரகு நிறுவனம் அனுப்பிய நிபந்தனைத் தாளை முதல் நாளே அப்படியே முகவருக்கு அனுப்பி, இதன் ஒவ்வொரு வரிக்கும் எந்தத் தாள் பதிலாக இருக்கும் என்று எழுத்தில் கேட்பதே சுருக்கமான வழி.

காப்பீட்டுக்கு வேனின் அடையாள எண்ணும் ஓட்டுநரின் போக்குவரத்துப் பதிவும் வேண்டுமே, வேனை வாங்காமல் எப்படி என்று கேட்பீர்கள். விலை மதிப்பீட்டுக்கு, நீங்கள் வாங்க எண்ணியிருக்கும் வேனின் எண்ணே போதும். விற்பவரிடம் கேட்டால் தருவார். புதிய நிறுவனத்துக்கு எழுதித் தரும் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது, வாங்கிவிட்டுப் பார்ப்பதைவிட நல்லது.

*பின்சேர்க்கை:* இதைப் படித்துத் தொடங்கிய ஒரு வாசகர், இரண்டாவது வேன் வாங்கி அதைக் காப்பீட்டில் சேர்க்காமலேயே ஓட்டத் தொடங்கியதாக எழுதியிருந்தார். சான்றிதழில் வாகனக் காப்பீட்டு வரிசையில் எந்தக் கட்டம் குறியிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பட்டியலிட்ட வண்டிகளுக்கு மட்டும் என்ற கட்டமாக இருந்தால், புதிய வண்டியின் எண்ணை முகவர் சேர்த்து எழுதித் தந்த பிறகே அதில் நோயாளியை ஏற்ற வேண்டும்.

படி 4: இப்போது வேன்

தாழ்த்திய தளமும் சாய்தளமும் கொண்ட மினிவேனா, ஃபோர்டு டிரான்சிட் போன்ற உயர்கூரை வேனில் நாற்காலியைத் தூக்கி ஏற்றும் லிஃப்ட் பொருத்தியதா என்பதுதான் கேள்வி. முதல் வண்டிக்கு என் தேர்வு, பின்புறமாக ஏற்றும் மினிவேன். சாய்தளத்தில் பழுதாகக்கூடிய பாகங்கள் குறைவு. மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் பக்கவாட்டில் இடம் தேட வேண்டியதில்லை. தெருவோரத்தில் ஏற்றும்போது நோயாளி சாலைப்பக்கம் நிற்க நேரிடும் என்பது அதன் குறை. கனமான மின்சார நாற்காலிகள் அதிகம் வரும் பகுதியாக இருந்தால் லிஃப்ட் தவிர்க்க முடியாதது.

மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டாட்சி விதிகளின்படி, லிஃப்ட் 600 பவுண்டு எடையைத் தாங்க வேண்டும். மேடை 30 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் இருக்க வேண்டும். 22 அடிக்கு உட்பட்ட வண்டியில் சாய்தளத்தின் உச்சியிலிருந்து கதவின் மேல்விளிம்பு வரை 56 அங்குலம் இருக்க வேண்டும். தனிநபர் பயன்பாட்டுக்காக மாற்றப்பட்ட பழைய மினிவேன்கள் சிலவற்றில் இந்தக் கடைசி அளவு இருப்பதில்லை. விலை மலிவாகத் தெரிந்தால் அளவு நாடாவோடு போங்கள்.

நாற்காலியைக் கட்டும் பட்டைகளில் க்யூஸ்ட்ரெய்ன்ட், ஷ்யூர்லாக் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. தானாக இறுகும் வகையை வாங்குங்கள். நாற்காலி முன்னோக்கி இருக்க, நான்கு பட்டைகளும் அதன் உறுதியான சட்டத்தில் மாட்டப்பட வேண்டும். சக்கரத்திலோ கால்வைக்கும் பலகையிலோ மாட்டக் கூடாது. அது நாற்காலிக்கான கட்டு மட்டுமே என்பதால், நோயாளிக்கு இடுப்பு, தோள் பட்டை தனியாகப் போட வேண்டும்.

படி 5: ஓட்டுநர்

செல்லுபடியாகும் உரிமம், போக்குவரத்துப் பதிவு, குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, முதலுதவிப் பயிற்சி, பயணிகளுக்கு உதவுவதற்கான பாஸ் பயிற்சி ஆகியவை வழக்கமான பட்டியல். கூட்டாட்சி மருத்துவத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டோரின் பட்டியலை மாதந்தோறும் பார்த்து, பார்த்ததற்கான திரைப்பதிவைத் தேதியோடு சேமித்து வையுங்கள். ஓட்டுநர் நீங்களே என்றாலும் உங்கள் பெயரையும் அதில் தேட வேண்டும்.

படி 6: வெற்று மைல்களைக் குறையுங்கள்

நோயாளி வண்டியில் இருக்கும் மைலுக்குத்தான் பொதுவாகப் பணம் கிடைக்கும். அவரை அழைக்கப் போகும் மைல்கள் உங்கள் செலவு. அவற்றை டெட்ஹெட் என்கிறார்கள். கணக்குக்காக, ஒரு பயணத்துக்கு 30 டாலரும் மைலுக்கு 2 டாலரும் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 8 மைல் பயணத்துக்கு 46 டாலர் வரும். அதற்காக 14 மைல் வெறுமனே போயிருந்தால், மொத்தம் 22 மைல். ஐ.ஆர்.எஸ். 2025-க்கு அறிவித்த மைலுக்கு 70 சென்ட் வீதப்படி 15.40 டாலர் போகும். ஓட்டுநருக்கு மணிக்கு 18 டாலர் வீதம் ஒன்றரை மணி நேரத்துக்கு 27 டாலர். முதலாளி கட்ட வேண்டிய 7.65 சதவீத ஊதிய வரி 2.07 டாலர். மிச்சம் 1.53 டாலர். மேலும், அந்த 70 சென்ட் சாதாரணக் காரின் காப்பீட்டை எண்ணி வகுத்தது. உங்கள் காப்பீடு அந்த விலைக்கு வராது.

ஆகவே எல்லாப் பயணங்களையும் ஏற்காதீர்கள். டயாலிசிஸ் பயணங்களைக் கேட்டு வாங்குங்கள். மையத்துக்குப் போகும் நோயாளி வாரம் மூன்று நாள், திங்கள்-புதன்-வெள்ளி அல்லது செவ்வாய்-வியாழன்-சனி என்று ஒரே நேரத்தில் போய் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இருப்பார். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு முதியோருக்கான கூட்டாட்சிக் காப்பீடான மெடிகேர் வயது வரம்பின்றிக் கிடைத்தாலும், அரசே நடத்தும் மூல மெடிகேர் ஆம்புலன்ஸ் தவிர்ந்த பயணத்துக்குப் பணம் தருவதில்லை. இரண்டு திட்டங்களிலும் இருப்பவருக்குச் சிகிச்சைக்கான பணம் மெடிகேரிலிருந்தும் பயணத்துக்கான பணம் மெடிகெய்டிலிருந்தும் வருகிறது. முதல் ஷிஃப்ட் நோயாளியை அழைத்துத் திரும்பும் அதே வேளையில் அதே மையத்துக்கு அடுத்த ஷிஃப்ட் நோயாளியைக் கொண்டு வரும்படி அமைத்தால், வெற்று மைல் பாதியாகக் குறையும். நோயாளிகள் உங்களையே கேட்க வேண்டும் என்பதற்காக மையத்தின் ஊழியருக்குப் பரிசு தருவது, கூட்டாட்சிக் கையூட்டுத் தடைச் சட்டத்தில் உங்களைச் சிக்கவைக்கும்; தீபாவளி இனிப்புப் பெட்டியைக்கூட நான் கொடுப்பதில்லை.

இரண்டு வேன் வரை கூகுள் ஷீட்டும் தரகு நிறுவனத்தின் செயலியும் போதும் என்பது என் கருத்து. ரூட்ஜீனி, மெடிரூட்ஸ் போன்ற மென்பொருள்களுக்கு மூன்றாவது வேன் வந்தபின் பணம் கட்டலாம்.

படி 7: பணத்தைக் கேட்பது

ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், மைல் அளவு, நோயாளியின் கையொப்பம் ஆகியவை அங்கேயே, அப்போதே பதிவாக வேண்டும். மாலையில் நினைவிலிருந்து நிரப்பும் ஓட்டுநரை உடனே திருத்துங்கள், ஏனென்றால் ஜி.பி.எஸ். நேரமும் தாளில் உள்ள நேரமும் மாறினால் தணிக்கையில் அந்தப் பயணத்தின் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். நோயாளி வீட்டில் இல்லையென்றால் அது நோ-ஷோ. அதைப் பயணமாகக் காட்டிப் பணம் கேட்பது மோசடி. மெடிகெய்ட் தரும் தொகை குறைவு என்று நோயாளியிடம் கூடுதலாகக் கேட்கவும் கூடாது.

*பின்சேர்க்கை:* தரகு நிறுவனம் இல்லாமல் நேரடியாகப் பில் போடும் மாநிலங்களிலிருந்து சிலர் குறியீடுகளைக் கேட்டிருந்தார்கள். சக்கர நாற்காலி வேனுக்கு ஏ0130, அதன் மைலுக்கு எஸ்0209 என்பவை தேசிய அளவிலான குறியீடுகள். உங்கள் மாநிலம் எந்தெந்தக் குறியீட்டுக்குப் பணம் தருகிறது என்பது அதன் கட்டணப் பட்டியலில் இருக்கும். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணக் குறியீட்டைப் பார்த்து அதே வாரத்தில் திருத்தி அனுப்புங்கள். கூட்டாட்சி விதி ஓராண்டு அவகாசம் தந்தாலும், தரகு நிறுவனத்தின் ஒப்பந்தம் அதைவிடக் குறைந்த கெடுவை வைத்திருக்கலாம். அந்தக் கெடு எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு வையுங்கள்.