பிரீமியர் பத்மினி கார் பிரேக் பெடல் உள்ள போனது, என் அனுபவம்

ஏற்காட்ல இருந்து இறங்கும்போது பத்மினி பெடல் முக்கால்வாசி உள்ள போயித்தான் புடிச்சுது, 20 கொண்டை ஊசி வளைவும் செகண்ட் கியர்லயே உசுர கையில புடிச்சுக்கிட்டு வந்தேன். சேலத்துல ஒரு மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரே (பெடல மிதிச்சா பிரேக் ஆயில தள்ளுற பாகம்) மாத்தணும்னாரு. ஆனா ரெண்டாவது மிதியில பெடல் மேல வந்து கெட்டியா நின்னுச்சு, அப்படின்னா பெரும்பாலும் ஷூவுக்கும் (உரசி வண்டிய நிறுத்துற பாகம்) டிரம்முக்கும் (வீலோட சேர்ந்து சுத்துற உருளை) கேப் அதிகம், பஞ்சு மாதிரி அமுங்குனாத்தான் பிரேக் லைன்ல ஏர்.

ஹேண்ட்பிரேக் கேபிள மொதல்ல லூஸ் பண்ணிட்டு, ஜாக்கி போட்டு, வீல் சுத்தாம பூட்டிக்கிற வரைக்கும் அந்த கேப்ப குறைக்கிற அட்ஜஸ்டர திருப்பி, பெடல ஒரு மிதி மிதிச்சு ஷூவ உக்கார வச்சு, அப்புறம் வீல் ஃப்ரீயா சுத்துற வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமா எதிர்ப்பக்கம் திருப்பி விட்டேன், லேசா சர்ரு சர்ருன்னு உரசுனா போதும். பின் வலது அட்ஜஸ்டர் மட்டும் துருப்புடிச்சு அரை மணி நேரம் படுத்திருச்சு, துருவுக்கு எண்ணெய் விட்டா ஷூ மேல இருக்குற லைனிங்ல படாம பாத்துக்கங்க. இப்ப மேலயே கெட்டியா புடிக்குது, அவ்ளோ நிம்மதி!