சீலியாக் நோயோடு வேலூரில்: உதவிக்கு ஆள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீலியாக், அதாவது கோதுமை, பார்லி சாப்பிட்டால் உடம்பே சிறுகுடலைத் தாக்கும் நோய், என்று டாக்டர் சொன்னதும், இதே நோய் உள்ள இன்னொருவர் ஊரில் கிடைப்பாரா என்றுதான் மனம் தேடும். நியாயமான ஆசை. ஆனால் அந்த ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருப்பது வீண். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது, தெற்கே 0.10 சதவீதம்தான். டயட்டீசியனிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, விருப்பமுள்ளவர் யாராவது வந்தால் பேசச் சொல்லுங்கள். அது போதும். அன்றாடம் உங்களுக்கு உதவப்போவது பக்கத்து வீட்டு அக்காவும், மெஸ் நடத்துகிறவரும், மாவு மில்காரரும்தான்.

அவர்களிடம் "கோதுமை ஒத்துக்காதுங்க" என்று பாதியில் நிறுத்துவதுதான் பெரிய தவறு. நம் பக்கத்தில் உடம்பு சரியில்லை என்றாலே, "ராத்திரி சோறு வேணாம், ரெண்டு சப்பாத்தி போதும்" என்பார்கள். சர்க்கரைக்காரர்களைப் பார்த்துப் பழகியவர்கள். உங்கள் தட்டிலும் அன்போடு சப்பாத்தி விழும். அதனால் முழுசாகச் சொல்லுங்கள்: கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி துளிகூட ஆகாது, சாப்பிட்டால் என் உடம்பே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும், ஆயுசுக்கும் இப்படித்தான். கையோடு, "சோறு, மீன் குழம்பு, களி எல்லாம் நல்லா சாப்பிடுவேன்" என்றும் சேர்த்துவிடுங்கள். என்ன போடலாம் என்று தெரிந்தால்தான் யாரும் தைரியமாகச் சாப்பிடக் கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டார்களே என்று கேட்காமல் சாப்பிடுவதும் சரியில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும்; சாம்பார், ரசம் இரண்டும் அதோடு போச்சு. கோதுமை கலக்காத பெருங்காயம் ஒரு டப்பா வாங்கி அவர்கள் வீட்டிலேயே வைத்துவிடலாம். ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வரும். ஆற்காடு மக்கன் பேடாவிலும் மைதா உண்டு, அதை மறந்துவிட வேண்டியதுதான்.

சங்கடப்பட்டு விசேஷங்களுக்கே போகாமல் இருப்பவர்களும் உண்டு. வேண்டாம். கல்யாணம் என்றால் முதல் நாளே சமையல்காரரிடம் பேசிவிடுங்கள். பந்தி நடக்கும்போது கேட்டால் அவருக்குக் காது கேட்காது. ஆடியில் தெருவில் கூழ் ஊற்றும்போது, கேழ்வரகு அரைத்துவரும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமை அரைத்த மிஷினிலேயே கேழ்வரகைப் போட்டால் மிச்ச மாவு கலந்துவிடும். கோதுமை போடாத மிஷின் எந்த மில்லில் இருக்கிறது என்று விசாரித்து, அங்கே கொண்டுபோங்கள். தெருவோடு சேர்ந்து நீங்களும் பயப்படாமல் ஒரு சொம்பு குடிக்கலாம்.

வீட்டுக்குள் தேடாமல் விடுவது இன்னொரு தவறு. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கு இது இருக்க மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். அவர்களையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை அவர்கள் கோதுமையை நிறுத்தக் கூடாது. முன்பே நிறுத்தினால், நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம்.