ஈரத்தில் கரையும் சாட்சி: டி.என்.ஏ. மாதிரியைக் கெடுக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை. ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. போதாததற்குக் கடற்காற்று. துவைத்த துணி காய எத்தனை நாள் ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் வழக்குக்குச் சாட்சியாகும் ரத்தக்கறைச் சட்டையைப் பாலிதீன் கவரில் திணித்து முடிச்சுப் போடும்போது மட்டும் அது மறந்துபோகிறது. கவருக்குள் ஈரம் வேர்த்து, பாக்டீரியா பெருகி, டி.என்.ஏ. இழையைத் துண்டு துண்டாக்கிவிடும். நிழலில் காயவைத்துக் காகித உறையில் போட வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் விரிப்பதும் தப்பு; புற ஊதாக் கதிரும் இழையைச் சிதைக்கும்.

2017 ஒக்கி புயலில் மாண்ட மீனவர்களின் உடல்கள் சிலவற்றை முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உறவினர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டார்கள். இப்படிப்பட்ட உடலின் சதையை, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடவே கூடாது. திசு ஆய்வுக்கு அது சரி, டி.என்.ஏ.வையோ புரதத்தோடு பிணைத்து முறித்துவிடும். சதை அழுகியிருந்தால் கடைவாய்ப்பல்லோ தொடை எலும்போ எடுப்பது மேல். எலும்பும் மோசமா? செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் இருப்பதால் மிஞ்சியிருக்கலாம். ஆனால் அது தாய்வழியில் மட்டுமே வருவது. ஒப்பிட அப்பாவின் ரத்தத்தை வாங்கி அனுப்பிப் பயனில்லை. அம்மா, உடன்பிறந்தவர், தாய்மாமன் யாராவது வேண்டும்.

ஆய்வகத்தில் நடப்பது பேராசைத் தவறு. ஒரு செல்லில் 6 பிக்கோகிராம் (ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம்) சொச்சம் டி.என்.ஏ.தான். 100 பிக்கோகிராம் கிடைத்தால் பதினைந்து பதினாறு செல், அவ்வளவே. அதை வைத்துக்கொண்டு டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். சுற்றுகளை 28-லிருந்து 34-க்கு ஏற்றினால், இருக்கும் அல்லீல் (ஆளுக்கு ஆள் மாறும் மரபணு வடிவம்) விடுபடும், இல்லாதது முளைக்கும். முதலில் அளவையும் சிதைவையும் பாருங்கள். சிதைந்திருந்தால் குட்டித் துண்டுகளைப் படிக்கும் மினி எஸ்.டி.ஆர். என்ற சோதனை முறை இருக்கிறது. முழு மாதிரியையும் ஒரே ஓட்டத்தில் தீர்த்துவிடாதீர்கள்.

அப்புறம், மாதிரியை ஒற்றி எடுக்கும் பஞ்சுக்குச்சி. ஜெர்மனியில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. பல குற்ற இடங்களில் அகப்பட, போலீஸ் வருடக்கணக்கில் அவளைத் தேடியது. 2009-ல் பார்த்தால், அவள் போலீஸ் பயன்படுத்திய அந்தக் குச்சிகளையே பொதியும் வேலைக்காரி! கிருமி நீக்கிய குச்சியில் கிருமி இருக்காது, டி.என்.ஏ. இருக்கலாம். அதே பாக்கெட்டிலிருந்து பயன்படுத்தாத குச்சி ஒன்றையும் தனி உறையில் சேர்த்து அனுப்புங்கள்.