மீன் தொட்டியில் ஹைட்ரா வந்துவிட்டதா?

கண்ணாடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ நூல் துணுக்கு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு, நுனியில் மெல்லிய கைகளை ஆட்டிக்கொண்டிருந்தால் ஒரு குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், சட்டென்று சுருங்கி உருண்டையானால் அது ஹைட்ரா என்ற சின்ன நன்னீர் உயிரிதான். புதுச் செடியோடோ குளத்தில் பிடித்த உயிர் உணவோடோ வந்திருக்கும். பெரிய மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த மீன் குஞ்சுகளைத்தான் கொட்டிப் பிடித்துத் தின்றுவிடும்.

தயவுசெய்து சுரண்டாதீர்கள்! துண்டானால் துண்டும் தனி ஹைட்ராவாக வளரும் (பிளேடால் சுரண்டித்தான் இதைக் கற்றுக்கொண்டேன்). ஆர்ட்டீமியா (குஞ்சுகளுக்கு உணவாகப் போடும் மிகச் சிறிய இறால் வகை) போடுவதைக் குறையுங்கள், அதைத் தின்றுதான் இப்படிப் பெருகுகிறது. அப்புறம் குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு இரண்டு கௌராமி மீன் விட்டால் ஹைட்ராவைப் பொறுக்கித் தின்னும். ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தும் கொல்லும்தான், ஆனால் சில நத்தைகளும் கூடவே போய்விடும், அதனால் எனக்கு அது கடைசி வழி.