லிஸ்பனைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? ஏற டிராம், இறங்கக் கால்

கூகுள் மேப்பில் பார்த்தால் லிஸ்பனில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் டேகஸ் ஆற்றின் முகத்துவாரத்தில், குன்றுகளின் மேல் எழுந்த போர்ச்சுகல் தலைநகர் இது. அரைக் கிலோமீட்டர்தானே என்று கிளம்பினால் பாதி வழி படிக்கட்டாக இருக்கும். அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை: காலையில் டிராமில் மேட்டுக்குப் போய்விடுங்கள், அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்கிக்கொண்டே ஊரைப் பாருங்கள். இரண்டு நாள் போதும்.

படி 1: ஷூவும் கார்டும்

நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள். பலகாலம் கால் பட்டு வழவழப்பாகியிருக்கும், மழை பெய்தால் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். அடுத்து, மெட்ரோ நிலைய இயந்திரத்தில் நவெகாந்தே கார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். மெட்ரோ, டிராம், புறநகர் ரயில், படகு எல்லாவற்றுக்கும் அதே கார்டுதான். ஆளுக்கு ஒன்று வேண்டும், இருவர் ஒன்றைப் பகிர முடியாது. டிராமுக்குள் டிக்கெட் எடுத்தால் விலை அதிகம்.

படி 2: காலையில் 28

மார்ட்டிம் மொனீஸ் சதுக்கத்தில் 28ஆம் எண் டிராம் கிளம்புகிறது. ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள், அதற்கப்புறம் வரிசை நீளும். கூட்டத்தில் பிக்பாக்கெட் தொல்லை உண்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கடைசிவரை போக வேண்டாம், கிராசாவில் இறங்குங்கள். சற்று நடந்தால் செனோரா டோ மொன்டே காட்சிமுனை. கோட்டை, சிவப்பு ஓட்டுக் கூரைகள், ஆறு, பாலம் என்று ஊர் மொத்தமும் கீழே தெரியும்.

படி 3: தண்டவாளம் பிடித்து இறங்குதல்

இனி வழி கேட்கவே வேண்டாம், டிராம் தண்டவாளத்தைப் பின்பற்றினால் போதும். எஸ்கோலாஸ் ஜெராய்ஸ் தெருவில் மட்டும் கவனம். டிராம் வந்தால் சுவரோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும், அவ்வளவு குறுகல்.

சாந்தா லூசியா தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல ஓடுகளால் ஆன ஒரு சித்திரம் இருக்கிறது. பக்கத்துப் பூவேலியைப் படம் எடுக்கும் கூட்டம் அதைக் கவனிப்பதே இல்லை. ஆற்றங்கரைச் சதுக்கம் 1755க்கு முன் எப்படி இருந்தது என்று அதில் வரைந்திருக்கிறார்கள். அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அல்ஃபாமாவின் சந்துகளில் இறங்குங்கள். இங்கே வழி தவறினால் பரவாயில்லை, பள்ளம் பார்த்து நடந்தால் ஆறு வந்துவிடும். கரையோரமாக மேற்கே திரும்பினால் பிராசா டோ கொமேர்சியு.

அந்தச் சித்திரத்தின் சதுக்கம் இதுதான், ஆனால் அதிலிருந்த அரண்மனை இல்லை. 1755 நவம்பர் 1, புனிதர்கள் திருநாள் காலையில் நிலநடுக்கம் வந்தது. இடியும் கட்டடங்களுக்குப் பயந்து மக்கள் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே ஆழிப்பேரலை வந்தது, அப்புறம் பல நாள் தீ. சதுக்கத்துக்குப் பின்னால் நேர்கோடாகத் தெரியும் பைஷா தெருக்கள் அதற்குப் பின், மன்னரின் அமைச்சர் பொம்பால் தலைமையில் எழுந்தவை. அடுத்த நடுக்கத்தைத் தாங்க, சுவர்களுக்குள் மரச் சட்டக்கூடு வைத்தே கட்டினார்கள்.

படி 4: ஏறாமல் மேலே போக

அடுத்த மேடு ஷியாடோ. 1902ஆம் ஆண்டின் சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்டைக் கீழே நின்று ரசியுங்கள், வரிசையில் நிற்க நான் சொல்ல மாட்டேன். பைஷா–ஷியாடோ மெட்ரோ நிலையத்தின் கீழ்வாசலில் நுழைந்து எஸ்கலேட்டரில் ஏறினால் மேல்வாசல் ஷியாடோவில் திறக்கும். இரண்டு நிமிட நடையில் கார்மோ தேவாலயம். 1755 நடுக்கத்தில் விழுந்த கூரையை மீண்டும் போடவில்லை, வளைவுகள் மட்டும் வானத்தின் கீழ் நிற்கின்றன. வாசலில் உள்ள சதுக்கத்தை ஒட்டிய படைமுகாமில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் சரணடைந்தார்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம். சைவர்கள் சூப்பையும் விசாரித்தே வாங்குங்கள், கீரை சூப்பில்கூடப் பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். மார்ட்டிம் மொனீஸ் பக்கம் இந்திய, வங்கதேச உணவகங்கள் உண்டு.

படி 5: இரண்டாம் நாள் பெலேம்

பெலேம் பகுதிக்குப் போகும் 15ஆம் எண் டிராம் பிதுங்கும். காயிஸ் டோ சொட்ரே நிலையத்திலிருந்து ரயிலில் போங்கள், விரைவு ரயில்கள் பெலேமில் நிற்காது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெரோனிமோஸ் மடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆப்பிரிக்க, கிழக்கத்திய வணிகத்தின் மீது போட்ட 5 சதவீத வரியில் எழுந்த கட்டடம் அது. கொச்சியில் 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் இங்கேதான். தமிழின் முதல் அச்சு நூல் 1554இல் ரோமன் எழுத்தில் அச்சானதும் இந்த ஊரில்தான் என்பதால், நமக்கு லிஸ்பன் அவ்வளவு அந்நியமும் இல்லை. பிறகு, 1837 முதல் விற்கும் கடையில் முட்டை கஸ்டர்ட் டார்ட் சூடாகச் சாப்பிடுங்கள். பார்சல் வாங்கும் வரிசை வேறு, உட்கார உள்ளே நிறைய இடம் உண்டு.

படி 6: மாலையில் அக்கரை

காயிஸ் டோ சொட்ரேயில் கசில்யாஸ் படகு ஏறுங்கள். பத்து நிமிடம்தான். உல்லாசப் படகுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு துளிகூட ஆகாது, காட்சி கிட்டத்தட்ட அதேதான். இரண்டு தடவையும் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்: போகும்போது 1966இல் திறந்த தொங்கு பாலம் தெரியும், திரும்பும்போது அல்ஃபாமாவும் கோட்டையும்.